அந்த ஹாலோவீன் இரவை விட்டுவிடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோரை நோக்கி இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் மகனோ மகளோ இந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடும். 1960இல் வெளியாகி, 1961இல் புலிட்சர் பரிசு பெற்று, பல தலைமுறைகளாக இந்நாட்டு வகுப்பறைகளில் பாடமாக இருந்துவரும் நூல் அது. அதைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கையும் அதே அளவு விடாமல் எழுந்துகொண்டிருக்கிறது. உங்கள் பள்ளி வட்டாரத்தில் அப்படியொரு கோரிக்கை வந்தால், பெற்றோர் என்ற முறையில் உங்கள் கருத்தையும் கேட்பார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், நாவலின் கடைசி ஐந்து அத்தியாயங்களை, அதாவது 27 முதல் 31 வரை நீளும் ஹாலோவீன் (அக்டோபர் 31) இரவுப் பகுதியை, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முறை படித்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்வதே இந்த மடலின் நோக்கம்.

எனக்குப் பழக்கமான குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்த நாவலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், நீதிமன்றக் காட்சியை மிக நன்றாகச் சொல்கிறார்கள். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட பாலியல் வன்கொடுமை வழக்கு, ஆட்டிகஸ் ஃபின்ச் என்ற வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரியின் தீர்ப்பு என்று வரிசையாக வருகிறது. ஹாலோவீன் இரவைப் பற்றிக் கேட்டால், கெட்டவன் செத்துவிட்டான், வீட்டைவிட்டு வெளியே வராத அண்டைவீட்டுக்காரர் பூ ராட்லி நல்லவர் என்று தெரிந்துவிட்டது என இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். பருவத் தேர்வு நெருங்கும் வேளையில் ஆசிரியர்கள் கடைசிப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1962இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைப்பது இன்னொரு காரணம். காரணம் எதுவானாலும் நட்டம் பெரியது. நீதிமன்றத்தில் நாவல் ஒரு கேள்வியைக் கேட்கிறது. அதற்கு அது தரும் விடை, அதுவும் சங்கடமான ஒரு விடை, அந்த ஹாலோவீன் இரவில்தான் இருக்கிறது.

இனி கதையின் முடிவைச் சொல்லாமல் எழுத வழியில்லை. பிள்ளைகள் படித்த பிறகு இதைக் காட்டுங்கள்.

நாவலின் முதல் வாக்கியத்தைத் திறந்து பாருங்கள். அண்ணன் ஜெம்முக்குப் பதின்மூன்று வயது நெருங்கும்போது முழங்கையில் கை முறிந்தது என்று, ஆட்டிகஸின் மகளும் கதைசொல்லியுமான தங்கை ஸ்கவுட் சொல்லத் தொடங்குகிறாள். குணமான பிறகும் அவனுடைய இடக்கை வலக்கையைவிடச் சற்றுக் குட்டையாகவே இருந்தது என்று அடுத்துச் சொல்கிறாள். அந்தக் கை முறிந்தது ஹாலோவீன் இரவில். முப்பத்தொரு அத்தியாயங்கள் கொண்ட நாவல், தான் போய்ச் சேர வேண்டிய இடத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறது. நீதிமன்றத்தில் டாம் ராபின்சன் எழுந்து நிற்கும்போது, பருத்தி அரைக்கும் இயந்திரத்தில் சிறுவயதில் சிக்கிய அவருடைய இடக்கை, வலக்கையைவிடப் பன்னிரண்டு அங்குலம் குட்டையாகச் செத்துத் தொங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டு இடக்கைகள். அவற்றை ஆசிரியர் தற்செயலாக எழுதினார் என்று நான் நம்பவில்லை. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். நாமாக முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

நாம் இன்று அறிந்திருக்கும் ஹாலோவீன் வேறு, மேகோம்ப் என்ற அந்தக் கற்பனை ஊரின் ஹாலோவீன் வேறு. ஆண்டு 1935. பொருளாதாரப் பெருமந்தம் அலபாமாவின் சிற்றூர்களை வாட்டிக்கொண்டிருந்த காலம். வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் வழக்கம் இந்த நாவலில் எங்கும் இல்லை. அன்று அந்த இரவு பெரும்பாலும் விடலைகளின் குறும்புக்கென்றே விடப்பட்ட இரவாக இருந்தது. குறும்பு எல்லை மீறியதால் பல ஊர்கள் தாமே முன்வந்து பொது நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கின. மினசோட்டா மாநிலத்தின் அனோகா நகரம் 1920இலேயே அப்படி ஓர் ஊர் விழாவைத் தொடங்கிவிட்டது. மேகோம்ப் பெண்களும் அதே காரணத்துக்காகத்தான் பள்ளி அரங்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது முந்தைய ஆண்டு நடந்த ஒரு கூத்து. அதை வாசிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ஒரு நிமிடம் அங்கேயே நிறுத்துங்கள்.

மணமாகாத இரண்டு முதிய சகோதரிகள், பார்பர் குடும்பத்தவர், அந்த ஊரில் வசிக்கிறார்கள். இருவருக்கும் காது மந்தம். ஒருவர் அதை ஒப்புக்கொள்வதே இல்லை. மற்றவர் பெரிய ஊதுகுழல் ஒன்றைக் காதில் வைத்துக்கொள்கிறார். ஊரிலேயே நிலவறை உள்ள வீடு அவர்களுடையது மட்டும்தான். ஒரு ஹாலோவீன் இரவில், இருவரும் தூங்கிய பிறகு, சில பிள்ளைகள் வெறுங்காலோடு உள்ளே நுழைந்து வரவேற்பறைச் சாமான்கள் அத்தனையையும் சத்தமின்றி நிலவறைக்கு இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடிந்ததும் சகோதரிகளின் சந்தேகம் யார்மேல் போகிறது? இரண்டு நாளுக்கு முன் ஊருக்குள் வந்துபோன தோல் வியாபாரிகள்மேல். அவர்கள் கறுத்த நிறத்தவர்கள், சிரியாக்காரர்கள் என்பதுதான் சாட்சியம். ஊரின் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஹெக் டேட் வேட்டை நாய்களைக் கொண்டுவந்து மோப்பம் பிடிக்க விடுகிறார். நாய்களோ சுற்றிச் சுற்றி வந்து அந்த வீட்டின் நிலவறைக் கதவைப் பார்த்தே ஊளையிடுகின்றன. அன்று நண்பகலுக்குள் மேகோம்பில் ஒரு பிள்ளையும் வெறுங்காலோடு தென்படவில்லை. நாய்களைத் திருப்பி அனுப்பும்வரை யாரும் செருப்பைக் கழற்றவும் இல்லை என்கிறாள் ஸ்கவுட்.

இது வெறும் நகைச்சுவைக் கதையா? தவறு செய்தவர்கள் ஊரின் சொந்தப் பிள்ளைகள். பழி சுமந்தவர்கள் வழிப்போக்கர்களான கறுத்த மனிதர்கள். டாம் ராபின்சன் வழக்கில் உயிரைப் பறித்த அதே பழக்கம்தான், இங்கே நாற்காலி மேசையைத் தேடும் விளையாட்டாகத் திரும்பி வருகிறது. டாம் இறந்த சில வாரங்களில் நடக்கும் விழாவுக்கு இந்தக் கதையை முன்னுரையாக வைத்த எழுத்தாளரின் துணிச்சலை நான் வியக்கிறேன். திரைப்படத்தில் இதற்கு இடமில்லை. நம் நிறத்தோடு இந்நாட்டு விமான நிலையங்களில் வரிசையில் நின்றவர்கள் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சிரமப்பட வேண்டியிருக்காது.

விழாவுக்கு முன்னால் மூன்று சிறு சம்பவங்கள் வருகின்றன. டாமைச் சிக்கவைத்த பாப் யூவெல், அரசின் வேலைத்திட்டத்தில் வேலை கிடைத்துச் சில நாளிலேயே சோம்பலுக்காக நீக்கப்படுகிறான். வழக்கை விசாரித்த நீதிபதி டெய்லரின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஞாயிறு இரவு ஏதோ சுரண்டும் ஓசை கேட்கிறது. தேவாலயத்திலிருந்து திரும்பிய மனைவி, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவரைக் காண்கிறார். டாமின் மனைவி ஹெலன், யூவெல் வீட்டைத் தாண்டிப் போகப் பயந்து ஒரு மைல் சுற்றி வேலைக்கு நடக்கிறார். வேலை கொடுத்த லிங்க் டீஸ் என்ற வெள்ளையர் நேரில் போய், சிறையில் தள்ளிவிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை நிற்கிறது. ஊரில் ஷெரிஃப் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கைம்பெண்ணான ஹெலன் நடந்துபோவதற்கு ஒரு வெள்ளை முதலாளியின் வாய்ச்சொல் தேவைப்படுகிறது. இவ்வளவையும் கண்ட பிறகும் ஆட்டிகஸ், யூவெலின் கோபம் தணிந்துவிடும் என்றே கணிக்கிறார். அது பிழையான கணிப்பு. அந்தப் பிழைக்கான விலையைக் கொடுப்பவர்கள் அவருடைய பிள்ளைகள். ஆட்டிகஸைக் குறையற்ற வழிகாட்டியாகக் கற்பிக்கும் பாடக்குறிப்புகள் இதைச் சொல்வதில்லை.

விழாவில் எழுத்தாளர் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்கிறார். ஏழாம் வகுப்பு அறை பேய்வீடாக மாற்றப்பட்டிருக்கிறது. இருட்டில் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்து, இது கண், இது இதயம், இது குடல் என்று தோலுரித்த திராட்சையையும் பச்சை ஈரலையும் ஆறிப்போன ஸ்பகெட்டியையும் தொடவைக்கிறார்கள். மேடையில் திருமதி மெரிவெதர் எழுதிய, கவுன்ட்டியின் பெருமை பாடும் நாடகம். பிள்ளைகள் ஊரின் விளைபொருள்களாக வேடமிடுகிறார்கள். ஒருவன் பசு, ஒருத்தி அவரை விதை, எட்டு வயது ஸ்கவுட் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. தையற்காரி க்ரென்ஷா, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைத் தொடையின் வடிவத்தில் வளைத்து, பழுப்புத் துணி போர்த்தி, வர்ணம் பூசிக் கொடுத்திருக்கிறார். உள்ளே போனால் தானாகக் கழற்றி வெளியே வர முடியாது. கைகளை அசைக்கவும் இடமில்லை. கண்ணுக்கென்று சிறு துளைகள் மட்டும் உண்டு. திருமதி மெரிவெதரின் உரை அரை மணி நேரம் ஓடியதும் ஸ்கவுட் அந்த வேடத்துக்குள்ளேயே தூங்கிவிடுகிறாள். தன் முறையைத் தவறவிட்டு, மாநிலக் கொடி ஏறும் இறுதிக் காட்சியில் போய் நுழைகிறாள். நீதிபதி டெய்லர் வெளியே போய் முழங்காலைத் தட்டிச் சிரிக்கிறார். நாடகத்தையே கெடுத்துவிட்டாய் என்று திருமதி மெரிவெதர் கடிந்துகொள்கிறார். முகத்தை யாருக்கும் காட்ட விரும்பாத சிறுமி, கூட்டம் கலைந்த பிறகு, வேடத்தைக் கழற்றாமல், காலணிகளையும் மேடைக்குப் பின்னால் மறந்துவிட்டு, அண்ணனோடு வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் யாரும் அன்று அந்தப் பிள்ளைகளுடன் வரவில்லை. ஆட்டிகஸ் ஒரு வாரமாக மாநிலத் தலைநகர் மாண்ட்காமரியில் இருந்து களைத்துத் திரும்பியிருக்கிறார். அலெக்சாண்ட்ரா அத்தை பிற்பகல் முழுவதும் மேடையை அலங்கரித்துச் சோர்ந்திருக்கிறார். இருவரும் நல்லவர்கள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். பிள்ளைகளைக் காப்பதற்கென்றே ஊர் கூடி ஏற்பாடு செய்த விழாவிலிருந்து திரும்பும் வழியில்தான் அந்தப் பிள்ளைகள் தாக்கப்படுகிறார்கள். ஊர் பயந்தது விடலைகளின் குறும்புக்கு. வரவேண்டிய ஆபத்து, எல்லோருக்கும் முகம் தெரிந்த, வயதுவந்த ஒரு மனிதனிடமிருந்து வந்தது.

நிலவில்லாத இரவு. டார்ச் லைட்டும் கொண்டு வரவில்லை. பின்னால் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. இவர்கள் நின்றால் அதுவும் நிற்கிறது. முதலில் வழியில் பயமுறுத்திய பள்ளித்தோழன் செசில் ஜேக்கப்ஸ்தான் மறுபடியும் விளையாடுகிறான் என்று எண்ணிக் கேலியாகக் கத்திப் பார்க்கிறார்கள். பதில் வரவில்லை. வெறுங்காலுக்கு அடியில் மணல் சட்டென்று குளிர்வதைக் கொண்டு, பெரிய ஓக் மரத்துக்கு அருகே வந்துவிட்டோம் என்று ஸ்கவுட் அறிந்துகொள்கிறாள். மேடை விளக்கில் கொழுப்புப் பட்டைகள் பளபளக்க வேண்டும் என்று வேடத்தின்மேல் பூசிய வர்ணம் இந்த இருட்டிலும் மின்னுகிறது. அந்த மினுமினுப்பே பின்தொடர்பவனுக்கும் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே வேடத்தின் கம்பிதான் கத்தியைத் தடுக்கிறது. பிறகு ஷெரிஃப் அதை ஆராயும்போது, மங்கிய கம்பியில் ஒரு கோடு மட்டும் புதிதாகப் பளிச்சிடுகிறது.

தாக்குதலை ஸ்கவுட் பார்க்கவே இல்லை. இந்த நாவலின் தொழில்நுட்பத்திலேயே மிகச் சிறந்ததாக நான் கருதுவது இதைத்தான். ஓடு என்று அண்ணன் கத்துவது, உலோகத்தில் உலோகம் கிழியும் ஓசை, எலும்பு முறியும் ஓசை, யாரோ இறுக்கிப் பிடித்து மூச்சை அடைப்பது, பிடித்தவன் பின்னால் வெடுக்கென்று இழுக்கப்படுவது, ஒருவர் இருமித் தள்ளாடுவது, சாராய நாற்றம், தரையில் துழாவும்போது விரலில் படும் முள்தாடி. கடைசியில் தெருவிளக்கின் கீழ், ஜெம்மைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் நடந்து போவது மட்டும் தெரிகிறது. சில நிமிடங்களுக்கு முன் பேய்வீட்டில் இருட்டுக்குள் தொட்டுத் தொட்டு விளையாடிய அதே விரல்கள் இப்போது ஒரு பிணத்தின் முகத்தைத் தொடுகின்றன.

ஏன் இப்படி எழுத வேண்டும்? நீதிமன்றத்தில் நடந்ததை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. டாம்மீது குற்றம் சாட்டிய யூவெலின் மகள் மெயெல்லாவின் முகத்தில் காயங்கள் வலப்பக்கத்தில் இருந்தன என்பது நிறுவப்படுகிறது. அவளுடைய தந்தை இடக்கைப் பழக்கமுள்ளவன் என்பதை, ஓர் உறையின் பின்புறத்தில் அவனையே கையெழுத்திடச் சொல்லி ஆட்டிகஸ் காட்டுகிறார். டாமின் இடக்கை பயன்படாது என்பதை ஊரே கண்ணால் பார்க்கிறது. உண்மை பட்டப்பகலில் எல்லோர் முன்பும் கிடக்கிறது; பதிவேட்டில் ஏறுவது பொய். ஹாலோவீன் இரவில் உண்மையைப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. இருக்கும் ஒரே சாட்சி கம்பிவலைக்குள் அடைபட்ட எட்டு வயதுச் சிறுமி. பெரியவர்கள் எல்லோரும் நடந்ததை ஊகித்துவிடுகிறார்கள். பதிவேட்டில் ஏறுவது மறுபடியும் உண்மையல்ல. முதல் முறை பொய் ஓர் உயிரைப் பறித்தது. இரண்டாம் முறை அது ஓர் உயிரைக் காக்கிறது.

அந்த முடிவு எடுக்கப்படும் இடம் ஃபின்ச் வீட்டின் முன்திண்ணை. யூவெலின் விலா எலும்புக்கடியில் சமையலறைக் கத்தி ஒன்று இறங்கியிருக்கிறது. கொன்றது ஜெம்தான் என்று ஆட்டிகஸ் நினைக்கிறார். தற்காப்பு என்பது தெளிவாக இருந்தாலும் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயே தீர வேண்டும், எதையும் மூடி மறைக்கக் கூடாது, மறைத்தால் தன் மகனின் கண்ணைப் பார்க்கும் தகுதியை இழந்துவிடுவேன் என்று வாதிடுகிறார். ஷெரிஃப் டேட்டோ, யூவெல் தன் கத்தியின் மேலேயே விழுந்து செத்தான் என்று பிடிவாதமாக நிற்கிறார். அவர் கையில் நீண்ட மடக்குக்கத்தி ஒன்றும் இருக்கிறது. அன்றிரவு ஒரு குடிகாரனிடமிருந்து பிடுங்கியது என்கிறார். கத்தி இரண்டு ஆகிவிட்டது. எது யாருடையது என்பதை நாவல் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. துப்பறியும் கதை பிடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், 30ஆம் அத்தியாயத்தை அதன் கையில் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். டேட் காக்க முயல்வது ஜெம்மை அல்ல, பிள்ளைகளை மீட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பூ ராட்லியை என்பது ஆட்டிகஸுக்குப் புரியச் சற்று நேரம் பிடிக்கிறது. பல ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே வராத அந்தக் கூச்ச சுபாவியை ஊரின் வெளிச்சத்துக்கு இழுத்துவருவது பாவம் என்கிறார் டேட். காரணமின்றி ஒரு கறுப்பு இளைஞன் செத்தான், அதற்குப் பொறுப்பானவனும் செத்தான், இதோடு விட்டுவிடுவோம் என்பது அவருடைய கணக்கு. ஆட்டிகஸ் ஒப்புக்கொள்கிறார். பூவைக் காட்டிக்கொடுப்பது, நாவலின் தலைப்பில் வரும் மாக்கிங்பேர்ட் என்ற பாடும் பறவையைச் சுடுவது போன்றதுதானே என்று ஸ்கவுட்டும் ஆமோதிக்கிறாள்.

அந்த உவமை முதன்முதலாக யாருக்குச் சொல்லப்பட்டது என்று பிள்ளைகளைப் பின்னோக்கிப் புரட்டச் சொல்லுங்கள். டாம் ராபின்சன் சிறைப்பண்ணையிலிருந்து தப்ப முயன்றபோது உடலில் பதினேழு குண்டுகள் பாய்ந்து இறந்த பிறகு, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட், பாடும் பறவைகளை வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் கொல்வதோடு அந்த மரணத்தை ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஆகப் பறவைகள் இரண்டு. யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள், ஊரின் வதந்தியால் சிறைப்பட்டவர்கள் என்ற வகையில் இருவரும் ஒன்று. கறுத்த பறவை சுடப்பட்டது. வெளுத்த பறவை கை கோத்து வீடுவரை கொண்டுபோய் விடப்படுகிறது.

ஹெக் டேட் யார் என்பதையும் மறக்கக் கூடாது. யூவெல் வந்து கூப்பிட்டதும் போய், மெயெல்லா அடையாளம் காட்டியதும், மருத்துவரை அழைக்கவும் இல்லாமல், டாமைக் கைதுசெய்து உள்ளே வைத்த ஷெரிஃப் இவர்தான். சட்டத்தை எங்கே நிறுத்தலாம், எதை எழுதாமல் விடலாம் என்ற அதிகாரம் தன்னிடம் இருப்பதை அவர் அன்று அறியாமல் இருந்தாரா? ஹாலோவீன் இரவில் அறிந்திருக்கிறார். அவர் செய்ததை நான் தவறு என்று ஒதுக்க மாட்டேன். பூ ராட்லியை ஒரு நீதிமன்றக் கூண்டில் நிறுத்திப் பார்க்க எனக்கும் மனம் வராது. ஆனால் அந்த இரக்கம் அவரிடம் எப்போதும் இருந்தது, டாமுக்கு மட்டும் அது திறக்கவில்லை என்பதுதான் இந்தப் பகுதி எனக்குச் சொல்வது. ஹார்ப்பர் லீ இதைத் தெரிந்தே எழுதினாரா, அவரையும் மீறி எழுதப்பட்டுவிட்டதா என்பதில் வாசகர்கள் வேறுபடலாம். பக்கத்தில் அது இருக்கிறது.

இதை முதலில் சொல்பவள் நானல்ல. 2009இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையில், திண்ணையில் நடந்த இந்த உடன்பாட்டைச் சுட்டி ஆட்டிகஸின் நீதியுணர்வைக் கடுமையாகவே கேள்விக்குள்ளாக்கினார். 2022 ஜனவரியில், நம்மவர்கள் பலர் வாழும் சியாட்டில் பகுதிக்கு அருகிலுள்ள முகில்டியோ பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பாடப்பட்டியலிலிருந்து இந்த நாவலை நீக்கியது. கேட்டுக்கொண்டவர்கள் அங்குள்ள ஆசிரியர்களே. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் திரும்பத் திரும்ப வருவதும், கறுப்பினப் பாத்திரங்கள் தமக்கென்று குரலின்றி, ஒரு வெள்ளையரின் பெருந்தன்மைக்குப் பின்னணியாக நிற்பதும் அவர்கள் முன்வைத்த குறைகள். இவை அற்பமான குறைகள் அல்ல. வகுப்பில் அந்தச் சொல்லை உரக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பினப் பிள்ளையின் நிலையை, நிறத்தின் பெயரால் ஏதாவதொரு நாளில் கேலிக்கு ஆளான நம் பிள்ளைகள் ஓரளவேனும் உணர்வார்கள்.

இதை 1966இல் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு ஹனோவர் கவுன்ட்டிப் பள்ளி வாரியம் இந்த நூலை ஒழுக்கக்கேடானது என்று சொல்லி விலக்க முனைந்தது. ஹார்ப்பர் லீ ரிச்மண்ட் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், அந்த வாரியத்தினரை ஏதாவது ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்துப் படிக்க வைக்கப் பயன்படட்டும் என்று ஒரு சிறு தொகையையும் சேர்த்து அனுப்பினார். அது புத்தகத்தைப் படிக்காதவர்களுக்குச் சரியான பதில். இன்றைய ஆசிரியர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அவர்களை அப்படிக் கேலிசெய்து ஒதுக்க முடியாது. அவர்களுடைய வாதத்துக்கு மிக வலுவான சான்று நீதிமன்றக் காட்சியில் இல்லை, ஹாலோவீன் இரவில் இருக்கிறது என்பதே என் எண்ணம். நாவலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களுக்கும் அதைவிட வலுவான இடம் வேறில்லை. நீதிமன்றத்தோடு நிறுத்திவிட்டால் ஆட்டிகஸ் சிலையாக நிற்பார். சிலையை வணங்கலாம் அல்லது உடைக்கலாம். திண்ணைவரை போனால், தான் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்ததைத் தானே ஒரு நள்ளிரவில் விட்டுக்கொடுக்கும் மனிதரைப் பார்க்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு யோசிக்கக் கொடுக்க எனக்கு அதுதான் மேலானதாகப் படுகிறது.

நம்மில் சிலர் சொல்லும் இன்னொரு தயக்கத்தைப் பற்றி ஒரு சொல். வழக்கின் பொருள் பாலியல் வன்கொடுமை என்பதால் பிள்ளைகளோடு இதைப் பேசக் கூசுகிறோம். பள்ளி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஹாலோவீன் பகுதி அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வழி திறக்கிறது. அங்கே பேச வேண்டியது பயம், பொறுப்பு, பொய், இரக்கம் ஆகியவை பற்றித்தான். மகளோடு திண்ணைக் காட்சியிலிருந்து தொடங்கி நீதிமன்றத்துக்குப் பின்னோக்கிப் போனபோது, பேச்சு எனக்கு எளிதாகவே இருந்தது. தாக்குதல் காட்சியின் வன்முறை மட்டும் சில பிள்ளைகளை உலுக்கக்கூடும். அதை இரவு படுக்கும் நேரத்தில் படிக்காமல் இருப்பது நல்லது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. நாவல் உங்கள் பிள்ளையின் வகுப்பில் பாடமாக இருந்தால், 27ஆம் அத்தியாயம் முதல் எத்தனை வகுப்பு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஆசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். குறைவாக இருந்தால், நாடகத்தையும் நடைவழியையும் வீட்டில் வாசிக்கவிட்டு, திண்ணை உரையாடலுக்கு மட்டுமாவது ஒரு முழு வகுப்பைத் தர முடியுமா என்று விசாரியுங்கள். நாவலோடு கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நூலையும் சேர்த்துக் கற்பிக்கும்படி கேட்கலாம். டாமும் ஹெலனும் தங்கள் வாயால் பேசாத இடங்களை அது நிரப்பும். நீக்க வேண்டும் என்ற கோரிக்கை உங்கள் ஊரில் வந்தால், கையெழுத்திடுவதற்கு முன்போ மறுப்பதற்கு முன்போ, ஹெக் டேட் பூவுக்குச் செய்ததை டாமுக்கு ஏன் செய்யவில்லை என்று பிள்ளையிடம் கேட்டு, அது சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். பள்ளி வாரியக் கூட்டங்களில் பெற்றோர் பேசச் சில நிமிடங்களே தருகிறார்கள். அந்தத் தாளை வாசிக்க அது போதும்.

இங்ஙனம்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்